புள்ளி இழந்த சொற்கள்

இணைய முகவரிக்கு வாயில் காக்கும் விதியின் வரலாறு

கவிதைக்குத் தலைப்பிடுவது பிள்ளைக்குப் பெயரிடுவதை ஒத்தது என்று நம் வட்டத்தின் கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். பெயர் சிதைந்தால் பிள்ளை சிதைவதில்லை. ஆயினும் அச்சிதைந்த பெயரால் அழைத்தால் அப்பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை. அண்மையில் நம் கவிதைகள் சிலவற்றுக்கு அந்நிலையே நேர்ந்தது.

பத்தாண்டு நிறைவையொட்டி, இதுகாறும் வட்டத்தில் படிக்கப்பெற்ற கவிதைகளை ஓர் இணையதளத்தில் தொகுத்து வைப்பதென முடிவாயிற்று. பணியை ஏற்ற இளைஞர், ஒவ்வொரு கவிதையின் தலைப்பும் அதன் இணைய முகவரியின் இறுதிப் பகுதியாக அமையுமாறு செய்ய விழைந்தார். நல்ல எண்ணந்தான். முதற்கண் ‘கலை’ என்னும் கவிதை ஏறியது. அடுத்து, மறைந்த நம் மூத்த கவிஞர் ஒருவர் தம் இறுதிக் கூட்டத்தில் படித்த ‘காலை’ என்னும் கவிதையை ஏற்ற முயன்றார். “இப்பெயர் முன்பே உள்ளது” எனக் கூறிப் பொறி மறுத்துவிட்டது. மூன்றாவதாக வந்த ‘கொலை’க்கும் அதே விடை. வியப்புற்று, முதற் கவிதைக்கு எழுதப்பட்டிருந்த முகவரியைப் பார்த்தோம். அங்கே ‘கலை’ இல்லை. ‘கல’ என்று இருந்தது. காலையும் கொலையும் கலையும் அப்பொறிக்கு ஒன்றே! தொடர்ந்து பார்த்தபோது ‘மழை’ ‘மழ’ ஆகவும், ‘பெண்’ ‘பண’ ஆகவும், ‘கண்ணீர்’ ‘கணணர’ ஆகவும் மாறுவதைக் கண்டோம். உயிர்மெய்க் குறிகள் யாவும் உதிர்ந்திருந்தன. புள்ளிகளும் உடன் உதிர்ந்திருந்தன.

இளைஞர் வருந்தினார். குற்றம் அவருடையதன்று, அவர் எடுத்தாண்ட ஆயத்த மென்பொருளினுள் இருந்த ஒரு சிறு விதியே அதனைச் செய்தது. எது சொல், எது சொல்லன்று என்று தமிழ்ச் சொற்களுக்குத் தீர்ப்புக் கூறும் அவ்விதி எங்கே பிறந்தது? யார் வகுத்தது? எழுத்திலக்கணம் பயிற்றும் எனக்கு இவ்வினா உறக்கத்தைக் கெடுத்தது. தேடிக் கற்றதன் பயனே இக்கட்டுரை.

ஈயத் துண்டு தந்த பெயர்

இணைய முகவரியின் இறுதியில், அப்பக்கத்தின் பொருளைச் சுருக்கமாகக் குறித்து நிற்கும் சொற்றொடரை ‘ஸ்லக்’ என்கின்றனர். இச்சொல் கணிப்பொறி உலகம் படைத்ததன்று, அச்சுக்கூடம் ஈந்தது.

ஆட்மார் மெர்கெந்தாலர் உருவாக்கிய லைனோடைப் பொறி 1886-ஆம் ஆண்டு நியூயார்க் டிரிபியூன் நாளிதழில் பயன்பாட்டுக்கு வந்தது. எழுத்தெழுத்தாய்க் கோக்கும் வேலையை நீக்கி, ஒரு வரி முழுவதையும் ஒரே உலோகத் துண்டாக வார்த்துத் தந்தது அது. அத்துண்டின் பெயர் ஸ்லக். செய்தித்தாள் அலுவலகங்களில், ஒரு செய்தி நிருபரிடமிருந்து துணையாசிரியருக்கும் அவரிடமிருந்து அச்சுக்கோப்பாருக்கும் செல்லும்போது அதனை அடையாளங் காண இட்ட ஓரிரு சொற் குறும்பெயருக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று.

இச்செய்தித்தாள் சொல் இணையத்தில் பரவியதற்கும் ஒரு செய்தித்தாளே பெருங்காரணம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் வெளிவரும் ‘லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்டு’ நாளிதழின் இணையப் பிரிவில் 2003-ஆம் ஆண்டு முதல் ஏட்ரியன் ஹொலொவாட்டி, சைமன் வில்லிசன் ஆகியோர் பைத்தான் மொழியில் ஒரு மென்பொருள் சட்டகத்தை உருவாக்கத் தொடங்கினர். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கிட்டார்க் கலைஞரின் நினைவாக ‘ஜாங்கோ’ எனப் பெயரிடப்பெற்று, 2005 சூலையில் அது பொதுமக்கள் கைக்கு வந்தது. ஸ்லக் என்பது செய்தித்தாள் வழக்கு என்று அதன் விளக்க ஏடே சொல்கிறது.

ஸ்லக்குக்கு விதித்த வரையறை மிக எளிது. ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் எண்களும் வரலாம்; சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஒரு சிறுகோடு வரலாம்; தொடக்கத்திலும் ஈற்றிலும் சிறுகோடு வாராது; இரண்டு சிறுகோடுகள் அடுத்தடுத்து வாரா. இதனை உரைநடையில் கூற எனக்கு நான்கு தொடர் தேவைப்பட்டது. கணிப்பொறியாளர் ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். ஏற்புடைய எழுத்து ஒன்றினை ‘எ’ எனக் குறித்தால், அவ்விதி பின்வருமாறு அமையும்:

எ+(-எ+)*

கூட்டற்குறி ‘ஒன்றோ, ஒன்றுக்கு மேலோ’ எனப் பொருள்படும். உடுக்குறி ‘இல்லாமலும் இருக்கலாம், எத்தனை முறையும் வரலாம்’ எனப் பொருள்படும். இவ்வாறு ஒரு சொல்வடிவத்தைக் குறிகளால் வரையறுக்கும் கோவையை ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்பர். கணித்தமிழ் அன்பர்கள் ‘சுருங்குறித்தொடர்’ என மொழிபெயர்த்துள்ளனர். பெயர் பொருத்தமானதே, சூத்திரத்தின் இலக்கணம் யாதென அறிந்த நமக்குச் சுருங்கச் சொல்லலின் அருமை தெரியாததன்று.

நரம்பினின்று பிறந்த சூத்திரம்

இச்சூத்திர முறையின் பிறப்பிடம் எழுத்தோ அச்சோ அன்று, மனித மூளை. 1943-ஆம் ஆண்டு, நரம்பியல் அறிஞர் வாரன் மெக்கல்லக்கும் இருபது வயதே நிரம்பிய தருக்கவியலாளர் வால்ட்டர் பிட்ஸும், நரம்பணுக்களின் இயக்கத்தைத் தருக்கக் கணிதத்தால் விளக்கும் கட்டுரையொன்றை வெளியிட்டனர். ஒவ்வோர் அணுவும் தூண்டப்படும் அல்லது தூண்டப்படாதிருக்கும். இவ்விரு நிலைகளைக் கொண்டே சிந்தனையின் வலையைப் பின்னலாம் என்பது அவர்தம் கருத்து.

அத்தகைய வலை ஒன்று எவ்வெவ் வரிசைகளை அடையாளங் காணவல்லது என்னும் வினாவை எடுத்துக்கொண்டவர் கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி. 1951-ஆம் ஆண்டு ராண்டு நிறுவனத்துக்காக அவர் வரைந்த ஆய்வுரை 1956-இல் நூல்வழி வெளிவந்தது. மூன்று செயல்கள் போதும் என்று அவர் நிறுவினார்: ஒன்றன்பின் ஒன்று வருதல், இதுவேனும் அதுவேனும் வருதல், மீண்டும் மீண்டும் வருதல். மேலே கண்ட உடுக்குறி இன்றும் ‘கிளீனியின் உடு’ என்றே வழங்குகிறது. அவ்வாறு அமையும் வரிசைகளை அவர் ‘ஒழுங்கானவை’ எனப் பெயரிட்டார். இதனினும் பொருத்தமான பெயரை எவரேனும் தந்தால் ஏற்பதாகவும் குறித்துவைத்தார். எவரும் தரவில்லை போலும், அப்பெயரே நிலைத்தது.

அதே 1956-இல் நோம் சோம்ஸ்கி, இத்தகைய வரையறைகளால் ஓர் இயற்கை மொழியின் தொடரமைப்பு முழுவதையும் பிடித்துவிட இயலாதென எடுத்துக்காட்டினார். இதனை நாம் மறத்தலாகாது. சுருங்குறித்தொடர் வடிவத்தைக் காணும், பொருளைக் காணாது. வாயிற்காவலன் வருவோன் கையிலுள்ள முத்திரையைப் பார்ப்பான். அவன் நெஞ்சைப் பாரான்.

ஆசிரியர் யார் என்ற தேடல்

கணிதத்தில் இருந்த இக்கருத்தை எழுத்துலகுக்குக் கொணர்ந்தவர் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தாம்சன். உரையினுள் ஒரு வடிவத்தைத் தேடிக் கண்டறியும் முறையை 1968-ஆம் ஆண்டு ஓர் ஆய்விதழில் அவர் விளக்கினார். அவர் எழுதிய உரைத் திருத்திகளில் அம்முறை இடம்பெற்றது.

அதன் பின்னர் நிகழ்ந்ததொன்று இலக்கிய மாணவர்க்குச் சுவையானது. 1787, 1788 ஆண்டுகளில் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை ஆதரித்து ‘பப்ளியஸ்’ என்னும் புனைபெயரில் 85 கட்டுரைகள் வெளிவந்தன. ஹாமில்டன், மேடிசன், ஜே என்னும் மூவர் அவற்றை எழுதினர். சில கட்டுரைகள் யாருடையவை என்பதில் நெடுங்காலம் ஐயம் இருந்தது. பெல் ஆய்வகத்தின் லீ மக்மேன் சொல்லாட்சியைக் கொண்டு அவ்வையத்தைத் தீர்க்க முயன்றார். ஆயின் அக்கட்டுரைகள் முழுவதும் அன்றைய திருத்தியின் நினைவகத்துள் அடங்கவில்லை. அவர்பொருட்டுத் தாம்சன் தேடும் பகுதியை மட்டும் பிரித்துத் தனிக்கருவி ஆக்கினார் என உடன் பணியாற்றிய பிரையன் கெர்னிகன் நினைவுகூர்ந்துள்ளார். 1973-ஆம் ஆண்டு யூனிக்ஸ் கையேட்டில் இடம்பெற்ற அக்கருவியே ‘கிரெப்’. பாடலின் நடைகொண்டு பாடியவரைத் துணியும் முயற்சி நம் உரையாசிரியர் காலந்தொட்டு நமக்குப் பழக்கமானது. அதே தேவைதான் இக்கருவியையும் ஈன்றது.

தேடுவதற்குப் பிறந்த கருவி, பின்னர்க் காவல் புரியவும் அமர்த்தப்பெற்றது. தேடலில் ‘இவ்வடிவம் எங்கேனும் உள்ளதா’ என்பதே வினா. காவலில் ‘முதலிலிருந்து ஈறுவரை இவ்வடிவம் மட்டுமே உள்ளதா’ என்பது வினா. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் இடர் நேரும். ஜாங்கோவின் ஸ்லக் விதியிலேயே அவ்வாறொன்று நேர்ந்தது. ஈற்றைக் குறிக்க அவர்கள் இட்ட குறி, உண்மையான ஈற்றை மட்டுமன்றி, அதனையடுத்து மறைந்து நிற்கும் ஒரு வரிமுறிவுக் குறிக்கும் இடங்கொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத அவ்வொரு குறியினால் தீயோர் புகலாம் எனக் கண்டு 2015 சூலையில் அதனைத் திருத்தினர். மொழிமுதல், மொழியிறுதி என்று நம் இலக்கணம் தனித்தனியே வகுத்தது வீணன்று என்பதை இங்கே உணர்கிறோம்.

அறுபத்தாறு எழுத்துகளின் நாடு

காவலனை அமர்த்தியாயிற்று. அவன் கையில் கொடுத்த பட்டியல் யாது? 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ‘ஆஸ்கி’ என்னும் குறியீட்டு முறையில் மொத்தம் 128 இடங்கள். 1985-இல் கணிப்பொறிகளுக்குப் பெயரிடும் முறை வகுக்கப்பட்டபோது, அவற்றுள்ளும் எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றுக்கே இடம் கிடைத்தது. ஈற்றில் சிறுகோடு கூடாதென்ற கட்டுப்பாடும் அப்போதே உண்டு. 1994 டிசம்பரில் இணைய முகவரிக்கான முறையான வரையறை வெளிவந்தது. 2005 சனவரியில் அது திருத்தமுற்றபோது, வேறு வேடமின்றி அப்படியே முகவரியில் வரத்தக்கவை எனப் பட்டியலிட்டவை 66: பேரெழுத்து 26, சிற்றெழுத்து 26, எண் 10, இவற்றோடு சிறுகோடு, புள்ளி, அடிக்கோடு, அலைக்கோடு.

பிற எழுத்துகள் விழுக்காட்டுக் குறியிட்ட எண்களாக வேடம் பூண்டே செல்லவேண்டும். ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கொள்வோம். ஒருங்குறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து இடங்கள் பெறும். ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஒவ்வொரு பைட்டும் மூன்று குறி. ஆக, நமக்கு மூன்றெழுத்தாகிய ‘தமிழ்’ முகவரியில் 45 குறிகளாக விரிகிறது! கண்ணுக்கு இனிய தலைப்பு, நண்பருக்கு அனுப்பும்போது விழுக்காட்டுக் குறிகளின் காடாகித் தோன்றுவது இதனால்தான்.

எனினும் வழி முற்றும் அடைபடவில்லை. 1991 அக்டோபரில் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதன் எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் இன்றைய பெருவழக்கான முறையை 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் உணவகம் ஒன்றில், மேசைமேல் விரித்த தாளில் வரைந்தவர் இருவர். ஒருவர் ராப் பைக். மற்றவர் நாம் முன்னரே கண்ட கென் தாம்சன். வாயிற்காவலனுக்குப் படைக்கலம் தந்த அதே கை, நம் எழுத்து உலகெங்கும் செல்லத் தேரும் தந்தது.

2005 சனவரியிலேயே, எல்லா மொழி எழுத்துகளும் முகவரியில் வருவதற்கான நெறியும் வெளிவந்தது. 2010, 2011 ஆண்டுகளில் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் என்னும் நாட்டுப் பெயர்கள் தமிழெழுத்திலேயே முகவரியின் முடிபாக அமையும் உரிமை பெற்றன. 2015 டிசம்பரில் வந்த ஜாங்கோவின் பதிப்பு, பிறமொழி எழுத்தாலாகிய ஸ்லக்கையும் ஏற்க வழிசெய்தது. அங்ஙனமாயின் நம் ‘காலை’ ஏன் உள்ளே புக இயலவில்லை?

குறி எழுத்தாகுமா?

விடை ஒரு வகைப்பாட்டில் இருக்கிறது. ஒருங்குறி, ஒவ்வொரு வடிவையும் ஒரு வகுப்பில் சேர்த்துள்ளது. அ முதலிய உயிர்களும் க முதலியனவும் ‘எழுத்து’ என்னும் வகுப்பில் நிற்கின்றன. கால், கொம்பு, சுழி முதலிய உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ அல்ல. ‘குறி’ என்னும் வேறு வகுப்பில் நிற்கின்றன. வகைப்பாட்டில் பிழையில்லை, அவை தனித்து நில்லாமையால் குறியென்றல் பொருந்தும். பிழை அடுத்த படியில் நேர்ந்தது. பைத்தான் மொழியோடு வரும் சுருங்குறித்தொடர்க் கருவி, ‘சொல்லில் வரத்தக்கது எது’ எனக் கேட்டால் எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையுமே கூறும், குறியைக் கூறாது. ஆங்கிலத்துக்கு அது போதும். அவ்வகுப்பில் அடங்காதவற்றை நீக்குக என்று விதி எழுதினால், தமிழ்ச் சொல்லின் குறிகள் யாவும் களையெனப் பிடுங்கப்படும். ‘கலை’யும் ‘காலை’யும் ‘கொலை’யும் ‘கல’ ஆயினமைக்குக் காரணம் இதுவே. இக்குறையை உணர்ந்தே ஒருங்குறி அமைப்பின் 18-ஆம் தொழில்நுட்ப நெறி, சொல்லெழுத்து என்னும் வகுப்பில் குறிகளையும் சேர்க்கவேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. அப்பரிந்துரையைப் பின்பற்றும் கருவிகளும் உண்டு, பின்பற்றாதனவும் உண்டு.

யாரும் தமிழைப் பகைத்து இவ்விதியை எழுதவில்லை. தம் மொழியில் எது சொல்லோ அதனையே எல்லா மொழியிலும் சொல் எனக் கொண்டனர். அறியாமையால் விளைந்ததேனும், இழப்பு இழப்பே.

ஏட்டில் மறைந்த புள்ளி

நம் எழுத்து புள்ளியை இழப்பது இது முதன்முறையன்று. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரங்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியர் விதித்திருக்க, ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இட்டாரல்லர். எழுத்தாணிக் கூர் ஓலையைத் துளைக்கும் என்பது காரணமாகச் சொல்லப்பெறும். குறிலும் நெடிலும், மெய்யும் உயிர்மெய்யும் ஒரே வடிவில் நின்றன. வீரமாமுனிவர் (1680–1747) எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டுக்கு வரிவடிவில் வழிகண்டார். உ. வே. சாமிநாதையர் (1855–1942) போன்ற பதிப்பாசிரியர்கள், புள்ளியற்ற ஏடுகளைப் படித்துச் சொல்லைத் துணிந்து நமக்குத் தந்தனர்.

ஆயின் இரண்டு இழப்புகளுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. ஓலையில் மறைந்த புள்ளி படிப்போன் உள்ளத்தில் இருந்தது. எழுதியவனும் அறிவான், படிப்பவனும் அறிவான், இடம் நோக்கி அவன் அதனை மீட்டுக்கொள்வான். பொறியிலோ, விதி ஒருமுறை களைந்த புள்ளியை மீட்பார் எவருமிலர். ‘கல’ என்பது காலையா, கொலையா, கூலியா, கேலியா என அறியும் உள்ளம் அங்கே இல்லை.

நம் இலக்கணத்தின் வாயில்

இவ்விடத்தில் ஒன்று தோன்றும். தமிழ்ச் சொல்லின் வடிவை வரையறுக்கும் விதிகள் நம்மிடம் இல்லையோ? உள்ளன. பன்னீருயிரும் மொழிக்கு முதலாம். க, த, ந, ப, ம என்பன எல்லா உயிரோடும் முதலாம். வகரம் உ, ஊ, ஒ, ஓ நான்கும் ஒழித்து முதலாம். ஞகரம் ஆ, எ, ஒ என்னும் மூன்றோடு முதலாம். யகரம் ஆகாரத்தோடு மட்டுமே முதலாம் எனத் தொல்காப்பியம் கூறும். எவ்வெழுத்து ஈறாகும், எம்மெய் எம்மெய்யோடு மயங்கும் என்பனவும் அங்கே வகுக்கப்பெற்றுள்ளன. முதல், ஈறு, அடுத்து நிற்பது எனும் மூன்றைக் கொண்டு சொல்லின் வடிவை ஆராய்வதால், இவ்விதிகளை அப்படியே சுருங்குறித்தொடராக எழுதிவிடலாம். இதனால் கிளீனிக்கு முன்னோடி தொல்காப்பியர் என முழங்குவது என் நோக்கமன்று. இருவர் தேடியதும் வேறு. வடிவை வரையறுக்கும் மனம் எங்கும் ஒத்த வழியில் நடக்கிறது என்பதே நான் காண்பது.

அவ்விதிகளை நம் தளத்தின் வாயிலில் நிறுத்தலாமா? கூடாது என்பேன். நமக்குக் கிடைத்துள்ள பாடத்தின்படி, சகரம் அ, ஐ, ஔ என்னும் உயிர்களோடு மொழிமுதலாகாது எனத் தொல்காப்பியம் கூறுகிறது. நன்னூலார் காலத்தில் சகரம் பன்னீருயிரோடும் முதலாயிற்று. யகரம் ஆறு உயிரோடும் ஞகரம் நான்கு உயிரோடும் முதலாயின. மொழி மாறியது, வாயிலைப் பவணந்தியார் அகலத் திறந்தார். தொல்காப்பிய விதியை இன்று பொறியில் அமர்த்தினால், ‘சங்கு’, ‘சந்தனம்’ முதலிய சொற்களே வெளியே நிற்கும். நன்னூல் விதியை அமர்த்தினாலும் ‘ரயில்’ என்று தலைப்பிட்ட நம் புதுக்கவிஞர் வெளியே நிற்பார். ஆங்கில விதி நமக்கு இழைத்ததையே நாம் பிறர்க்கு இழைத்தவராவோம்.

ஆகவே காவலன் வினவவேண்டியது ‘நீ எந்தக் குலம்’ என்பதன்று. ‘நீ முழுமையாக இருக்கிறாயா’ என்பதே. எழுத்தின் வடிவம் சிதையாதிருத்தல் ஒன்றே அவன் கவலையாதல் வேண்டும். அதற்கான விதி மிகச் சிறியது. ஓர் உயிர், அல்லது ஆய்தம், அல்லது அகரமேறிய மெய், அல்லது அதனோடு ஓர் உயிர்மெய்க் குறி, அல்லது அதனோடு ஒரு புள்ளி. இவ்வைந்தில் ஒன்றே ‘எழுத்து’. இவ்வாறான எழுத்துகள் ஒன்றோ பலவோ சேர்ந்தது சொல். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஒரு சிறுகோடு. குறி மட்டும் தனித்து வாராது. ஒரு மெய்யின்மேல் இரண்டு குறிகள் ஏறா. முன்னர் நாம் கண்ட அதே சூத்திரந்தான். ‘எ’ என்பதன் பொருள் மட்டும் நம் மொழிக்கேற்ப மாறுகிறது.

இதற்கும் முன்னர்ச் செய்யவேண்டியது ஒன்றுண்டு. ‘கொ’ என்பதன் குறியை ஒருங்குறியில் ஒரே இடமாகவும் பதிக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டு இடமாகவும் பதிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கு வேறு. எனவே சோதிக்குமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும். அதற்கு ஒருங்குறியே முறை வகுத்துள்ளது.

விதியால் ஆகாதனவும் உள. ‘ஔவை’ என எழுதுவோரும் உளர்; ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ என எழுதுவோரும் உளர். இரண்டும் மேற்கண்ட விதிக்கு உடன்பட்டவை. ஆயின் முகவரிகள் இரண்டாகிவிடும். ககரமும் தமிழெண் ஒன்றும் (௧), உகரமும் தமிழெண் இரண்டும் (௨) வடிவில் ஒத்திருப்பதும் இத்தகையதே. இங்கே காவலன் போதான். மொழியறிந்த மனிதர் ஒருவர் அருகிருந்து பார்த்தல் வேண்டும்.

முடிப்பாக

அவ்விளைஞரும் நானும் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து விதியைத் திருத்தினோம். அவருக்குக் குறிகளின் வகுப்பு தெரிந்திருந்தது; எனக்கு எழுத்தின் இலக்கணம் தெரிந்திருந்தது. ஒருவர் அறிந்தது மற்றவர்க்குத் தெரியாததால் பத்து நாள் நின்ற பணி, இருவரும் ஒருங்கிருந்தபோது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. நம் கல்லூரிகளில் தமிழ்த்துறையும் கணிப்பொறித் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று எட்டிப் பாராதிருப்பதன் விலை என்ன என்பதை அன்று உணர்ந்தேன்.

வட்டத்தின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கவிதை எந்தத் தளத்தில் ஏறினாலும், தலைப்பை மட்டும் பார்த்து அமைதியடைய வேண்டா. முகவரியையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அதில் உங்கள் சொல் முழுமையாக உள்ளதா எனக் காணுங்கள். இல்லையேல் உரியவரிடம் எடுத்துக் கூறுங்கள். முகவரி என்பது இன்று இட்டு நாளை மாற்றத்தக்கதன்று. மாற்றினால், பழைய முகவரி பிடித்து வருவோர் வெறுங்கையோடு திரும்புவர். ஆதலின் சீரமைப்பதை முதல் நாளிலேயே செய்தல் நன்று.

அன்று மாலை முதலில் ஏற்றியது மறைந்த அம்மூத்த கவிஞரின் கவிதையையே. பொறி மறுப்பேதும் கூறவில்லை. முகவரியின் ஈற்றில் ககரத்தை அடுத்துக் கால் நின்றது. லகரத்தின்முன் இணைக்கொம்பு நின்றது. ‘காலை’ என்று வாய்விட்டுப் படித்தோம். அதன்பின்னரே ‘கலை’யையும் ‘கொலை’யையும் அவரவர் முகவரியில் அமர்த்தினோம்.